ரெண்டு மணிக்கு அப்பா பேசினார்

அத்தியாயம் பதினாலு

போன வாரம் பெரியவளை எமர்ஜென்சி வாசலில் நிற்க வைத்துவிட்டு நாம் நம் பாட்டுக்கு நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். பாவம், அவள் எங்கே போவாள்? விடிந்து வெயில் ஏறின பிறகும் அதே ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறாள். கீழ்வாசலிலிருந்து இரண்டாம் மாடி ஐ.சி.யு.வுக்கு வெளியே இருக்கும் இரும்பு நாற்காலி வரைக்கும் நகர்ந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

உள்ளே அவள் அப்பா. ஆஸ்பத்திரி கேட்டில் நைட் டியூட்டி பார்த்துவிட்டு நேற்றுக் காலையில் வீட்டுக்கு வந்து படுத்த மனுஷர். மறுபடியும் டியூட்டிக்குக் கிளம்ப நேரமாகிறதே என்று சாயங்காலம் அம்மா போய் எழுப்பினால், வலது கை, கால் இரண்டும் விழுந்து, வாய் ஒரு பக்கமாகக் கோணிக் கிடக்கிறார். கண் மட்டும் திறந்திருந்தது. அந்தக் கண் யாரைத் தேடியது என்று அம்மாவுக்கு இன்னும் புரியவில்லை.

இந்தக் குடும்பத்தை இன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆஸ்பத்திரி நிற்கிற இடத்தில் முன்பு ஒரு பம்ப் கம்பெனி இருந்தது. அப்பா அதில் லேத் ஓட்டினவர். கம்பெனியை இழுத்து மூடினார்கள். கொஞ்ச வருஷம் முள்ளும் புதருமாகக் கிடந்தது. அப்புறம் ஆஸ்பத்திரி வந்தது, வந்தது மட்டுமா, வருஷத்துக்கு ஒரு கட்டடமாக வளர்ந்துகொண்டே போனது. கம்பெனி அமோகமாக ஓடின காலத்தில் இருந்த ஆட்களை விட இப்போது இங்கே ஆட்கள் அதிகம். மளிகைக் கடைக்காரர், துணி தைக்கிறவர், வாடகை வாங்குகிற வீட்டுக்காரர், எல்லோர் வீட்டு அடுப்பும் ஆஸ்பத்திரிச் சம்பளத்தில்தான் எரிகிறது. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட முன்பு மாதிரி பாடத் தெரியுமா என்று கேட்பதில்லை. பெண்ணுக்கு எந்த ஷிஃப்ட் என்றுதான் கேட்கிறார்கள்.

அப்பா எந்தக் கேட் வழியாக லேத் ஓட்டப் போனாரோ, அதே இடத்தில் புதுக் கேட் போட்டு, அதற்குக் காவலாக அவரையே உட்கார வைத்தார்கள். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குப் பெயர் 'கேட் ஐயா'. அம்மா லாண்டரியில். எத்தனை பேர் படுத்து எழுந்த விரிப்பெல்லாம் அவள் கைபட்டுத்தான் வெளுத்து வரும். பெரியவள் எமர்ஜென்சி பதிவுக் கவுண்டரில். சின்னவள் நர்ஸ், குழந்தைகள் வார்டில். நாலு பேருக்கும் நாலு நேரம். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. போட்டவர் அப்பாதான். யார் தூங்கினாலும் எழுப்பக் கூடாது.

"கூரையே இடிஞ்சு விழுந்தாலும் சரி, டியூட்டி முடிஞ்சு வந்து தூங்குறவங்களை எழுப்பக் கூடாது. ஆமா, சொல்லிட்டேன்" என்பார்.

நைட் டியூட்டி முடித்து வந்து படுத்த சின்னவளை, தீப்பெட்டி எங்கே என்று கேட்க அம்மா ஒரு நாள் எழுப்பிவிட்டாள். அன்று ராத்திரி வார்டில் மருந்தை எடுத்துவிட்டு எந்தக் குழந்தைக்கு என்று தெரியாமல் அப்படியே நின்றாளாம் சின்னவள். நல்லவேளை, பக்கத்தில் இருந்தவள் பார்த்தாள். அன்றைக்குப் பிறந்தது அந்தச் சட்டம். அதிலிருந்து அந்த வீட்டில் எல்லோருக்கும் பூனை நடைதான். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னாலேயே அடுப்பை அணைக்கிற வித்தையை அம்மா கற்றுவைத்திருக்கிறாள். டி.வி.யில் படம் மட்டும் ஓடும், சத்தம் வராது.

சரி, கதைக்கு வருவோம்.

நேற்று மத்தியானம் ரெண்டு மணிக்குப் பெரியவள் சாப்பிட வீட்டுக்கு வந்தாள். திரை விலகியிருந்தது. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வெயில் மேலே அடிக்குமே என்று திரையை இழுத்துவிட்டாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அடுக்களையில் நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். தாழ்ப்பாள்கூடக் கிளிங்கென்று சொல்லவில்லை. அதில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமை வேறு. ஐயோ, அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சாயங்காலம் அவள் கவுண்டரிலேயே அவளுடைய அப்பாவைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

கேள்வி கேட்டது புது டாக்டர். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத சின்னப் பெண். எல்லோரும் அவளைப் 'புது டாக்டர்' என்றே கூப்பிடுவதால் நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

"கடைசியா எப்போ நல்லா இருந்தாரு? யாரு பார்த்தீங்க?"

இந்தக் கேள்வியைப் பெரியவள் தினமும் கேட்கிறாள். கவுண்டரில் உட்கார்ந்து எத்தனை குடும்பத்தைக் கேட்டிருப்பாள்! பக்கவாதம் என்று வந்தால் முதல் கேள்வி இதுதான். நாலரை மணி நேரத்துக்குள் என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி உண்டு. அந்த நேரம் தாண்டிவிட்டது, எப்போது வந்ததென்றே தெரியவில்லை என்றால் இந்த ஆஸ்பத்திரியில் அந்த ஊசி கிடையாது. 'காலையில பார்த்தோம்' என்று சொன்னால் சுற்றி நிற்கிறவர்களின் ஓட்டம் நின்றுபோகும். 'இப்பத்தான், மத்தியானம் பேசினாரு' என்று சொன்னால் எல்லோருக்கும் காலில் சக்கரம் முளைக்கும். எந்தப் பதிலுக்கு எந்தக் கதவு திறக்கும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தவளுக்குத் தெரியாதா?

வேறு யாராவது இருந்தால், தெரியலையே டாக்டர், தூங்கிட்டிருந்தாரு என்று உள்ளதைச் சொல்லியிருப்பார்கள். இவளுக்குத் தெரிந்திருந்தது, அதுதான் வினை.

"ரெண்டு மணிக்கு நான் சாப்பிட வந்தேன் டாக்டர். என்கிட்ட பேசினாரு. நல்லா பேசினாரு."

ஓடினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி போட்டார்கள். விடிவதற்குள் அப்பாவின் தலைக்குள் ரத்தம் கசிய ஆரம்பித்துவிட்டது.

இன்று காலை ஆஸ்பத்திரி ஒரே அமர்க்களமாக இருந்தது. பின்னால் புதுக் கட்டடம் எழும்பியிருக்கிறதே, அதற்கு ஆள் எடுக்கிறார்கள். மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் கேட்டிலிருந்து வாகனம் நிறுத்துகிற இடம் வரைக்கும் வரிசை. இஸ்திரி போட்ட சட்டையும் புதுச் செருப்புமாக, கையில் ஃபைலோடு, எத்தனை பிள்ளைகள்! மைக்கில் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். இந்த வட்டாரத்திலேயே அதிகம் பேருக்கு வேலை கொடுப்பது நாம்தான், இனி வேலை தேடி யாரும் வெளியூர் போக வேண்டியதில்லை, வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்று அளந்துகொண்டிருந்தார்.

வீட்டுக்கு ஒருவரா? இந்த வீட்டில் நாலு பேர் ஐயா, நாலு பேர்! நாலு பேருக்கும் ஆஸ்பத்திரியில்தான் வேலை, வீட்டில் ஒருத்தருக்கு முடியாமல் போனது யாருக்கும் தெரியவில்லை.

பெரிய டாக்டர் மூன்று பேரையும் கூப்பிட்டுச் சொன்னார். நல்ல மனிதர்தான். கேட்டில் தினமும் அப்பா வைக்கிற சல்யூட்டுக்குக் கார் கண்ணாடியை இறக்கிப் பதில் சொல்கிறவர்.

"மூளைக்குள்ள ரத்தம் நிறைய கசிஞ்சிருக்கும்மா. ஆபரேஷன் தாங்க மாட்டாரு. மிஷின்லதான் மூச்சு ஓடுது. இனிமே நம்ம கையில எதுவும் இல்ல."

அம்மா தலையை ஆட்டினாள். லாண்டரியில் சூப்பர்வைசர் எதையாவது சொன்னால் ஆட்டுவது போலவே ஆட்டினாள். பிறகு கேட்டாள்:

"ஊசி போட்டீங்களே, டாக்டர்?"

"நேரத்துக்குள்ள போட்டாலே நூத்துல சில பேருக்கு இப்படி ஆகுதும்மா. நேரம் கடந்து போட்டா ஆபத்து இன்னும் அதிகம்." அவர் கண் ஒரு நொடி பக்கத்தில் நின்ற புது டாக்டர் மேல் போய்வந்தது. "எல்லாம் சரியாத்தான் நடந்துச்சான்னு மத்தியானம் உட்கார்ந்து பார்க்கிறோம். அப்ப உங்க பெரிய பொண்ணையும் கூப்பிடுவேன்."

புது டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சின்னவள் வெளியே வந்ததும் அக்காவின் முழங்கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. அப்பா உன்கிட்ட பேசினாரா?"

"என்னடி கேள்வி இது?"

"நேத்து அவர் துணியை மாத்தினது நான்தான். வேட்டியெல்லாம் நனைஞ்சு, காய்ஞ்சு, ஓரமெல்லாம் மஞ்சளாகி விறைச்சுப்போயிருந்துச்சு. தினமும் பிள்ளைங்களுக்குத் துணி மாத்துறவ நான். ரெண்டு மணிக்குப் பேசின ஆளோட துணி அதுக்குள்ள அப்படிக் காயாது."

பெரியவள் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தூங்குறார்னு நினைச்சேன்டி. திரையை இழுத்துவிட்டுட்டுப் போயிட்டேன். தெரியலைன்னு சொன்னா ஊசி போட மாட்டாங்கல்ல? நம்ம அப்பா ஆச்சேடி... எத்தனை பேரை அப்படி ஒதுக்கிப் படுக்க வச்சதை நான் பார்த்திருக்கேன். நம்ம அப்பாவையும் அப்படி ஒரு மூலையில படுக்க வைக்கிறதை என்னால பார்க்க முடியாது."

சின்னவள் திட்டுவாள், ஓங்கி ஒரு அறைகூட விடுவாள் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். அவளோ பக்கத்தில் உட்கார்ந்து அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் சத்தம் வராமல் அழுதார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சத்தம் போட்டு அழக்கூட மறந்துவிட்டது.

"உன் இடத்துல நான் இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன் அக்கா" என்றாள் சின்னவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஆனா அந்தப் புது டாக்டர் பாவம். சரியா விசாரிக்காம ஊசி போட்டுட்டான்னு வார்டு பூரா பேச ஆரம்பிச்சுட்டாங்க. முதல் மாசத்துலயே இப்படி ஒரு பேர் வந்தா அப்புறம் எங்க போனாலும் துரத்தும். மத்தியானம் கூப்பிடுவாங்கல்ல, உள்ளதைச் சொல்லிடு."

"சொன்னா என்னை வேலையை விட்டு அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டும்."

"அது போனா போகுது. அப்பாவைக் கொன்னது நான்தான்னு ஆயிடுமேடி."

பெரிய டாக்டர் சொன்ன அந்த 'சில பேரை'ச் சின்னவள் நினைத்துப் பார்த்தாள். நேரத்துக்குள் போட்டாலே சிலருக்கு ஆகும் என்றாரே, ஊசியே போடாமல் விட்டிருந்தாலும் அப்பா பிழைத்திருப்பாரா, படுக்கையிலேயே கிடந்திருப்பாரா, யாருக்குத் தெரியும்? யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள். அப்பா சாகக் கிடக்கிறார், இவளுக்கு டியூட்டி! ஆள் இல்லையாம். கீழே வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் வந்து சேர்ந்தால் சரியாகிவிடுமாம்.

பெரியவள் படியிறங்கி வரும்போது தண்ணீர்க் குழாய் பக்கத்தில் புது டாக்டர் முகம் கழுவிக்கொண்டு நின்றாள். கழுவக் கழுவக் கண்ணீர் நிற்காத முகம். இவளைப் பார்த்ததும் கிட்டே வந்தாள்.

"அக்கா, நான் சரியாத்தானே கேட்டேன்? எத்தனை மணின்னு ரெண்டு தடவை கேட்டேன்ல?"

"கேட்டீங்க, டாக்டர்."

"நீங்க ரெண்டு மணின்னுதானே சொன்னீங்க? பேசினாருன்னு சொன்னீங்கல்ல? எனக்கு இப்ப என்னையே நம்ப முடியல. நான்தான் அவசரத்துல தப்பா எடுத்துக்கிட்டேனோன்னு..."

அவளுக்கு மிஞ்சினால் சின்னவள் வயசுதான் இருக்கும். கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். எத்தனை பேர் வயிற்றைக் கட்டிப் படிக்க வைத்த பிள்ளையோ!

"நீங்க எந்தத் தப்பும் பண்ணல" என்றாள் பெரியவள். "மத்தியானம் பெரிய டாக்டர்கிட்ட நானே வந்து சொல்றேன்."

சொன்னதும் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது. முடிவு செய்துவிட்டாள். வேலை போகட்டும், ஊர் பேசட்டும், இந்தப் பெண்ணைப் பலிகொடுக்க முடியாது. ஆனால் அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டும். பெரிய டாக்டர் வாயால் அம்மாவுக்குத் தெரியக் கூடாது.

அம்மா அதே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். லாண்டரி யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. யாரோ வாங்கிக் கொடுத்த டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நானும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி. முதல்ல நான் சொல்லிடுறேன். ராத்திரியிலிருந்து நெஞ்சு வெடிக்குது."

பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேத்து மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தேன்" என்றாள் அம்மா. "நீ வர்றதுக்கு முன்னாடி. பிரஷர் மாத்திரையை வச்சுட்டு வந்துட்டேன்னு ஓடி வந்தேன். எட்டிப் பார்த்தா, உங்கப்பா வாயோரமா எச்சில் ஒழுகிக் கிடக்குது. அவருக்கு அப்படி ஒழுகாதே, என்னடா இதுன்னு தோணுச்சு. முந்தானையால துடைச்சுவிட்டேன். கை கட்டிலுக்கு வெளிய தொங்கிட்டிருந்துச்சு. தூக்கி வச்சேன். கல்லாட்டம் கனத்துச்சுடி அந்தக் கை. மறுபடியும் விழுந்துடுச்சு. மறுபடியும் தூக்கி வச்சேன். 'ம்ம்'னு என்னமோ முனகினாரு."

அம்மா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எழுப்பலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. எழுப்பினா கத்துவாரே, அசதியா இருப்பாரு, தூங்கட்டும்னு போயிட்டேன். தினம் ஆஸ்பத்திரியில கிடக்கிறவடி நான். ஒரு வார்த்தை, ஏங்கன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

பெரியவள் டீயை நகர்த்திவைத்துவிட்டு அம்மாவை நெருங்கி உட்கார்ந்தாள்.

"அப்பவே அவருக்கு வந்துடுச்சோ, கை விழுந்ததைத்தான் நான் தூக்கித் தூக்கி வச்சேனோன்னு ராத்திரி பூரா ஒரே யோசனை. பைத்தியம் பிடிச்சிருக்கும் எனக்கு. அப்புறம் நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. ரெண்டு மணிக்கு உன்கிட்ட நல்லா பேசினாருன்னு சொன்னியே. அப்படின்னா நான் பார்த்தப்போ அவருக்கு ஒண்ணும் இல்ல. சும்மா தூக்கம்தான். இல்லையாடி? அதுக்கப்புறம்தானே வந்திருக்கணும்?"

அம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

"அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் உட்கார்ந்திருக்கேன். இல்லைன்னா இந்நேரம் நானும் போய்ச் சேர்ந்திருப்பேன். சரி, நீ என்னமோ சொல்லணும்னியே?"

மைக்கில் அடுத்த ஐம்பது பேரை உள்ளே வரச் சொல்வது மாடி வரைக்கும் கேட்டது.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் பெரியவள். "நீ ஏதாவது சாப்பிடுன்னு சொல்ல வந்தேன்."

"சாப்பாடு கிடக்கட்டும். அப்பா என்னடி பேசினாரு? அதைக் கேட்கணும்னு நேத்திலிருந்து நினைக்கிறேன். கடைசியா உன்கிட்டதானே பேசியிருக்காரு. என்ன சொன்னாரு? ஒரு வார்த்தை விடாம சொல்லு."

கடவுளே! ஒரு பொய்யைச் சொல்வதற்கே உயிர் போய்விட்டது. அதற்கு இப்போது வார்த்தையும் குரலும் கொடுக்க வேண்டும்.

"உன்னைத்தான் கேட்டாரும்மா."

"என்னையா?"

"ஆமா. 'அம்மா இன்னும் வரலையா?'ன்னாரு. சாயங்காலம்தான் வரும்னு சொன்னேன். 'நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்காளே, கால் வீங்கிப்போயிருக்கும் அவளுக்கு'ன்னாரு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான்.

"கல்யாணமான நாள்லேருந்து என் காலைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்லையே இந்த மனுஷன்! லேத்தைப் பத்திப் பேசுவாரு, கேட்டைப் பத்திப் பேசுவாரு. எல்லாத்தையும் உள்ள வச்சுக்கிட்டே இருந்திருக்காரு பாரு, கல்லுளிமங்கன்!"

"ஆமாம்மா."

"இன்னொரு தரம் சொல்லுடி."

பெரியவள் இன்னொரு தரம் சொன்னாள். இந்தத் தடவை 'பாவம் அவ' என்று ஒரு வார்த்தை கூடச் சேர்ந்துகொண்டது. சொல்லச் சொல்ல அப்பாவின் குரலே காதில் கேட்டது. உண்மையிலேயே அப்படிச் சொன்னாரோ என்று ஒரு நொடி அவளுக்கே தோன்றிவிட்டது, அதுதான் கொடுமை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆடை கட்டின அந்த டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். நேற்றிலிருந்து அவள் வாயில் வைத்த முதல் பொருள் அதுதான்.

அட்டெண்டர் வந்து எட்டிப் பார்த்தார்.

"கேட் ஐயா பெரிய பொண்ணு யாரும்மா? பெரிய டாக்டர் ரூமுக்குக் கூப்பிடுறாங்க."

பெரியவள் எழுந்தாள். கூடவே அம்மாவும் எழுந்தாள்.

"நீ எதுக்கும்மா? இங்கேயே உட்காரு. நான் போய் ரெண்டு நிமிஷத்துல வந்துடுறேன்."

"நானும் வர்றேன்."

"சும்மா கையெழுத்து வாங்கத்தான் கூப்பிடுறாங்க. கால் வலிக்கும், நீ உட்காருன்னு சொல்றேன்ல!"

"அவர் பேசினதை அங்கே நீ சொல்லுவேல்ல?" என்றாள் அம்மா. முகத்தில் நேற்றிலிருந்து இல்லாத ஒரு தெளிவு. "நானும் கூட இருந்து இன்னொரு தரம் கேட்டுக்கறேன். நாலு பேர் முன்னாடி சொன்னா எனக்கு இன்னும் நல்லா இருக்கும்டி."

தடுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். நடை முழுக்க விடவில்லை.

அறையில் பெரிய டாக்டர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரியவளுக்குத் தெரியாத இரண்டு பேர். ஜன்னல் ஓரமாகப் புது டாக்டர் நின்றிருந்தாள். பெரியவளைப் பார்த்ததும் அவள் முகத்தில் உயிர் வந்தது.

"வாங்கம்மா, உட்காருங்க" என்றார் பெரிய டாக்டர். "பயப்படாம சொல்லுங்க. ரெண்டு மணிக்கு நீங்க வீட்டுக்குப் போனப்போ, அப்பா பேசினாரா?"

புது டாக்டர் அவளையே பார்த்தாள்.

"சொல்லுடி" என்றாள் அம்மா.